பென்னாகரத்துச் சிற்றூர்களில் வழிப்போக்கன் கண்டதும் காணாததும்

பிரயாணம் கல்வியின் ஒரு கூறு என்பதைக் கற்றோர் யாவரும் ஒப்புவர். ஆயினும் எல்லாப் பிரயாணமும் கல்வியாகிவிடுவதில்லை. மலையையும் அருவியையும் கோயிலையும் காண்பதற்குக் கண்ணிருந்தாற் போதும். ஒரு சிற்றூரின் அன்றாட வாழ்க்கையைக் காண்பதற்கு அது போதாது. கோயில் நூறாண்டு கழித்துச் சென்றாலும் அவ்விடத்திலேயே நிற்கும். குடியானவன் வீட்டு வாழ்க்கையோ, நாம் சென்ற நாழிகையில் எந்நிலையில் இருந்ததோ அந்நிலையை மட்டும் நமக்குக் காட்டும். மற்றவற்றை மறைக்கவேண்டும் என்னும் எண்ணம் அவனுக்கு இல்லை. நாள்தோறும் நடப்பதை வந்தவனிடம் எடுத்துச் சொல்லவேண்டும் என்று யாருக்கும் தோன்றுவதில்லை, அவ்வளவே.

வளர்ந்துவரும் நாடுகள் என வழங்கும் நாடுகளின் கிராமங்களுக்குச் சென்று மீண்டோர் எழுதும் கடிதங்களையும் நூல்களையும் படிக்குங்கால் இரண்டு பாட்டுகள் மாறிமாறிக் கேட்கும். ஒன்று இரக்கப் பாட்டு: மண்சுவர், ஓலைக்கூரை, செருப்பில்லாத கால். மற்றொன்று வியப்புப் பாட்டு: இத்துணை வறுமையிலும் இவர்கள் முகத்தில் எத்துணைப் புன்னகை! மேல்நாட்டார் மட்டுமே இங்ஙனம் எழுதுவர் என்று நாம் எண்ணுதல் வேண்டா. நகரத்திலிருந்து முகாமுக்குச் சென்று ஏழாம் நாள் திரும்பும் நம் மாணவர் எழுதும் அறிக்கைகளும் பெரும்பாலும் இவ்விரு பாட்டுகளே. யானும் ஒருகாலத்தில் அவற்றையே பாடினேன். என் பாட்டை இடையில் நிறுத்தியது பென்னாகரத்தை அடுத்த ஒரு சிற்றூர். அவ்வரலாற்றை மாணவர்க்குச் சொல்லவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

பென்னாகரம் தருமபுரிக்கு மேற்கே ஏறக்குறைய 30 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. 1965 ஆம் ஆண்டில் சேலம் மாவட்டத்தினின்று தருமபுரி தனி மாவட்டமாகப் பிரிந்தது; அதன் மேலெல்லைப் பக்கத்து வட்டம் இது. ஊரைத் தாண்டி மேலும் 16 கிலோமீட்டர் காட்டுவழியே இறங்கினால் ஒகேனக்கல். கன்னடத்தில் ‘ஹொகே’ என்பது புகை. புகையும் கல் என்பதே பெயரின் பொருள். காவிரி பாறைகளினிடையே பலவாகப் பிரிந்து வீழும் அவ்விடத்தைக் காண நாள்தோறும் மக்கள் வண்டி வண்டியாகச் செல்கின்றனர். பரிசலில் ஏறுவர், எண்ணெய் தேய்த்துக் குளிப்பர், வறுத்த மீன் உண்பர், மாலையில் திரும்புவர். அவர்களுக்குப் பென்னாகரம் தேநீர் அருந்த வண்டி நிற்கும் ஓர் இடமே. அத்துணை நீரைக் கண்டு மீளும் வழியில், சாலையின் இருபுறமும் மானாவாரி நிலமாகவே கிடப்பது ஏன் என்று கேட்போர் சிலரே. ஆறு பள்ளத்தில் ஓடுகிறது; ஊர்கள் மேட்டில் இருக்கின்றன. காவிரி தன்னியல்பாக இம்மேட்டில் ஏறாது. ஆகவே, ஆற்றுக்கு இத்துணை அணிமையில் இருந்தும் இவ்வூர்கள் வானத்தை நோக்கி வாழ்ந்தவை. கேழ்வரகு, சாமை, கொள்ளு, அவரை, துவரை, நிலக்கடலை, வீட்டுப் பக்கத்தில் ஒரு புளியமரம் என்பனவே இவற்றின் செல்வம்.

இந்நாட்டைக் கண்டு எழுதிய பழைய பிரயாணிகள் இருவரைப் பற்றி இங்கே சில சொற்கள் சொல்லவேண்டும். ஏனெனில் இருவரும் இருவகைப் பார்வைக்குச் சான்றாவர். முதல்வர் பிரான்சிஸ் புக்கானன் என்னும் ஸ்காத்லாந்து மருத்துவர். கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லி பிரபுவின் ஆணைப்படி இவர் 1800 ஆம் ஆண்டு ஏப்ரல் 23 ஆம் நாள் சென்னையினின்று புறப்பட்டு, மைசூர், கன்னடம், மலையாள நாடுகளைச் சுற்றி, மறு ஆண்டு திரும்பினார். கோயம்புத்தூர்ப் பக்கத்தையும் பார்த்தார். அவர் எழுதிய நாட்குறிப்பு 1807 இல் லண்டனில் மூன்று பெரும் பகுதிகளாக வெளிவந்தது. எந்த மண்ணில் எதை விதைக்கின்றனர், ஏரிநீரை எப்படிப் பங்கிடுகின்றனர், தறியில் என்ன நெய்கின்றனர் என்று ஊர்தோறும் வினவி எழுதிய அந்நூலை இன்றும் ஆராய்ச்சியாளர் கையில் எடுக்கின்றனர். அவர் உழைப்பைக் குறைத்துச் சொல்ல யான் யார்? ஆயினும் ஒன்று நினைக்கத்தக்கது. கம்பெனி ஆணையுடன் பரிவாரம் சூழ வந்து, மொழிபெயர்ப்பாளர் வாயிலாக, ‘உன் நிலத்தில் எத்துணை விளையும்?’ என்று ஒருவர் கேட்டால், குடியானவன் என்ன விடை சொல்லுவான்? வரி கொடுத்துப் பழகியவன் எவனும் அக்கேள்விக்கு முழு விடை சொல்லமாட்டான். மறுநாள் விடியலில் அவர் கூடாரம் அடுத்த ஊருக்குப் போய்விடும்.

மற்றொருவர் தாமஸ் மன்றோ. 1780 இல் சிறு படைவீரராகச் சென்னைக்கு வந்தவர். 1792 ஆம் ஆண்டு சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் பாராமகாலும் சேலமும் திப்பு சுல்தானிடமிருந்து கம்பெனி வசமானபோது, அலெக்ஸாண்டர் ரீட் என்பவரின்கீழ்த் துணையதிகாரியாக வந்து, 1799 வரையில் இப்பக்கத்தில் பணியாற்றினார். தருமபுரி அவருடைய உறைவிடம். நிலம் நிலமாக அளந்து, குடி குடியாக வரி விதிக்கும் இரயத்துவாரி முறை உருவெடுத்தது இம்மண்ணிலேதான். அவரும் வரி தண்ட வந்தவரே. அன்பினால் வந்தவர் என்று யான் சொல்லவில்லை. ஆனால் ஏழாண்டு இருந்தார். ஊர் ஊராகச் சுற்றினார். மழை பொய்த்த ஆண்டையும் பெய்த ஆண்டையும் ஒரே நிலத்தில் கண்டார். 1813 இல் பிரிட்டிஷ் பாராளுமன்றத்தின்முன் சாட்சி கூற நின்றபோது, நாகரிகம் என்பதை இரு நாடுகளும் வாணிகப் பொருளாக மாற்றிக்கொள்ளுமாயின் இறக்குமதியால் ஊதியம் பெறுவது இங்கிலாந்தே என்னும் கருத்துப்பட அவர் மொழிந்தார். உழவுத்தொழிலின் செம்மை, கைத்தொழிற்றிறன், ஊர்தோறும் பள்ளி, விருந்தோம்பல் என்பவற்றை அதற்குக் காரணங்காட்டினார். சென்னையில் சேணமில்லாத குதிரையின்மேல் வீற்றிருக்கும் அவருடைய சிலையைக் கண்ட மாணவர் பலர் இருப்பர். அக்குதிரையினும் இச்சாட்சியே எனக்கு வியப்பளிப்பது.

இவ்விருவரோடு சேர்த்து எண்ணாவிடினும் சொல்லாமல் விடலாகாத ஒருவர் சுப்பிரமணிய சிவா. தொழுநோயைக் காட்டி இரயில் வண்டியில் ஏறுவதற்கு அரசாங்கத்தார் தடை விதித்தமையால், காலால் நடந்தும் கட்டைவண்டியில் சென்றும் தமிழ்நாட்டைச் சுற்றியவர் அவர். அத்தகைய பிரயாணி கடைசியில் தங்கிய இடம் இவ்வட்டத்துப் பாப்பாரப்பட்டி. அங்கே பாரத மாதாவுக்குக் கோயில் எடுக்க விழைந்து, 1923 இல் சித்தரஞ்சன் தாஸைக்கொண்டு அடிக்கல் நாட்டுவித்தார். 1925 ஜூலை 23 இல் அங்கேயே உயிர்நீத்தார்.

இனி என் கதைக்கு வருவேன். 2009 ஆம் ஆண்டு மாசி மாதத் தொடக்கத்தில், மாணவர் முகாம் ஒன்றுக்கு இடம் பார்ப்பதற்காக நண்பர் ஒருவருடன் அப்பக்கம் சென்றேன். பென்னாகரத்தினின்று உள்ளே திரும்பும் தார்ச்சாலையில், காய்ந்த செடிகள் முழங்கால் உயரம் பரப்பப்பட்டுக் கிடந்தன. வண்டி அவற்றின்மேல் ஏறித் தள்ளாடியது. “சாலையைக் குப்பைமேடாக்கி வைத்திருக்கிறார்களே!” என்று நண்பர் சினந்தார். யானும் என் குறிப்புப் புத்தகத்தில், பொதுச்சொத்தைப் பேணும் உணர்ச்சி குறைவு என்று எழுதிக்கொண்டேன். மாலையில் அவ்வழியே திரும்புகையில், நான்கு பெண்கள் அச்செடிகளை உதறி ஒதுக்கிவிட்டு, கீழே உதிர்ந்து கிடந்த கொள்ளை வாரி முறத்தால் தூற்றிக்கொண்டிருந்தனர். நாங்கள் குப்பை என்றது அவர்களுடைய களம். எங்கள் வண்டிச் சக்கரம் அவர்களுக்குப் போரடித்துக் கொடுத்திருந்தது. இருசக்கர வண்டியில் வருவோர் அதில் வழுக்கி விழக்கூடும். அவ்வழக்கத்தைப் போற்ற யான் வரவில்லை. ஆனால் பிணையல் கட்ட மாடும் களம் அமைக்க இடமும் இல்லாத வீட்டில் இரண்டு மூட்டைக் கொள்ளு எவ்வாறு செடியினின்று பிரியும் என்று யான் காலையில் கேட்டிருக்கவேண்டும்.

ஊர் நடுவே வேப்பமரத்தடியில் பத்துப் பன்னிரண்டு ஆடவர் பகல் முழுதும் அமர்ந்திருந்தனர். சோம்பல் என்று எழுதினேன். பின்னர் எண்ணிப் பார்த்தேன்: அவருள் அறுபதுக்குக் குறைந்தவர் ஒருவரும் இல்லை. இருபதுக்கும் நாற்பத்தைந்துக்கும் இடைப்பட்ட ஆண்மகனை அன்று அவ்வூரில் யான் காணவில்லை. அவர்கள் பெங்களூரில் கட்டடங்களுக்குக் கல்லும் கலவையும் சுமந்துகொண்டிருந்தனர், சிலர் திருப்பூரில். பொங்கலுக்கு வந்து போயாயிற்று. இனி ஊர்த் திருவிழாவுக்கும் ஆடி விதைப்புக்கும் வருவர். தை கழிந்தால் ஆடி வரையில் மானாவாரி நிலத்தில் வேலை ஏது? மரத்தடியில் இருந்தவர்கள் வேலை செய்யாதவர்கள் அல்லர், செய்து முடித்தவர்கள்.

பெண்கள் கைமட்டும் ஓய்ந்திருக்கவில்லை. திண்ணைதோறும் புளி தட்டும் ஓசை. ஓட்டை உடைத்து, நாரை உரித்து, கொட்டையை நீக்கி, எடைக்கு இத்துணை எனக் கூலி பெறும் வேலை அது. ஒரு திண்ணையில் இருந்த மூதாட்டியார் எங்களை அழைத்து, உண்டுதான் போகவேண்டும் என்றார். களி கிண்டுவதை அன்றுதான் அருகிருந்து பார்த்தேன். கொதிக்கும் உலையில் சிறிது நொய்யை வேகவிட்டு, அதன்மேல் ராகி மாவைக் குவித்து (கேழ்வரகு என்னும் பெயர் அங்கே ஏட்டில்மட்டும் உண்டு), மூடி வைத்து, பிறகு பானையைக் காலால் அணைத்துக்கொண்டு இரு கையாலும் மரத்துடுப்பால் கிண்டுகின்றனர். எளிய சமையல் என்று எழுத எடுத்த எழுதுகோலை மடக்கி வைத்தேன். அவ்வளவு கைவலி உள்ள சமையலை யான் கண்டதில்லை. நனைந்த கையால் உருட்டிய உருண்டை, கொள்ளுச் சாறு, கீரைக் கடைசல். களியை மெல்லலாகாது, விழுங்கவேண்டும் என்று மூதாட்டியார் எனக்குக் கற்பித்தார்.

அப்பொழுது அவருடைய பேரன் தண்ணீர்க் குடத்துடன் உள்ளே வந்தான். ஏழாம் வகுப்பில் படிப்பவன், சுட்டியான முகம். எங்களைக் கண்டு சிரித்தான். பற்கள் மஞ்சளும் கபிலமுமாகக் கறைபட்டு, சுண்ணாம்புத் திட்டுகளுடன் தோன்றின. ஆசிரியத் தொழில் செய்பவனுக்கு இடம் பொருள் தெரியாமல் உபதேசம் வந்துவிடும். “தம்பி, காலையில் வேப்பங்குச்சியால் நன்றாகப் பல் துலக்கவேண்டும், தெரியுமா?” என்றேன். பையன் வாயை மூடிக்கொண்டான். குடத்தை இறக்கி வைத்தான். பேசாமல் வெளியே போய்விட்டான்.

மூதாட்டியார் சிறிதுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பின்பு, “அவன் இரண்டு வேளையும் தேய்க்கிறான், ஐயா. கரி, உப்பு, செங்கற்பொடி எல்லாம் தேய்த்துப் பார்த்துவிட்டான். இது அழுக்கு இல்லை. இந்த ஊர்த் தண்ணீர். நாங்கள் சேந்து கிணற்றில் இறைத்துக் குடித்தோம். எங்களுக்கு இப்படி இல்லை. கிணறு வற்றி, ஆழக் குழாய் இறக்கிய பிறகு பிறந்த பிள்ளைகளுக்குத்தான் எல்லாம் இப்படி. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைப் பாருங்கள்” என்றார். சொல்லிவிட்டு, முழங்காலில் கையூன்றி மெல்ல எழுந்தார். அவர் முதுகு நேராகவில்லை. அது முதுமையின் குறையோ நீரின் குறையோ, யான் சொல்ல வல்லேன் அல்லேன்.

அன்று மாலை பள்ளி விடும் நேரத்தில் வாயிலில் நின்று பார்த்தேன். அவர் கூறியது மெய்.

இதன் காரணத்தை அறிவியல் மாணவர் நன்கறிவர். மற்றையோர் பொருட்டுச் சொல்கிறேன். இப்பகுதியின் அடிநிலம் கடினப் பாறை. அப்பாறைகளில் உள்ள சில கனிப்பொருள்களில் புளோரின் அடங்கியிருக்கிறது. மழைநீர் அவற்றினூடே கசிந்து நெடுங்காலம் தங்கும்போது புளோரைடு உப்பு நீரில் கரைகிறது. மேற்கிணற்று நீர் ஆண்டுதோறும் மழையால் புதுப்பிக்கப்பெறுவது. ஆழத்து நீர் பாறையோடு பழகிய பழைய நீர். எனவே கிணறு வற்ற வற்ற ஆழம் தேடிய ஊர்கள் பலவற்றில் நீரோடு இந்நஞ்சும் மிகுதியாக மேலே வந்தது. உலகச் சுகாதார நிறுவனம் குடிநீருக்கு விதித்த மேல்வரம்பு லிட்டர் ஒன்றுக்கு 1.5 மில்லிகிராம். சிறிதளவு புளோரைடு பல்லுக்கு உறுதி தருவதே. வரம்பு கடந்தால், ஈறுக்குள் பல் உருவாகிக்கொண்டிருக்கும் குழந்தைப் பருவத்தில் அதன் மேற்பூச்சைக் கெடுக்கிறது. முளைத்த பின் எதைக்கொண்டு தேய்த்தாலும் அக்கறை போகாது. நெடுநாள் மிகுதியாகக் குடிப்போருக்கு எலும்பும் மூட்டும் இறுகும். மாணவர் நினைவில் இருத்தவேண்டிய மற்றொன்று: கிருமியைக் கொல்ல நீரைக் காய்ச்சச் சொல்லும் நம் அறிவுரை இங்கே உதவாது. காய்ச்சினால் நீர் குறையும், உப்பு குறையாது.

இந்நோய் நம் நாட்டில் முதன்முதல் மருத்துவ ஏட்டில் ஏறியது 1937 ஆம் ஆண்டில். அதுவும் அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர்ப் பக்கத்தில். முதுகு வளையாத உழவரையும் கறைப்பல் சிறுவரையும் அதற்கு முன்னர் எத்துணை அதிகாரிகளும் பிரயாணிகளும் கண்டு, பழக்கமென்றும் விதியென்றும் எண்ணிப் போயிருப்பர்! யான் அவர்களினும் எழுபது ஆண்டுக்குப் பிந்தியவன், புத்தகம் படித்தவன், அப்படியிருந்தும் வேப்பங்குச்சி என்றேன்.

அன்று முதல், ஊருக்குச் செல்லும் மாணவரிடம் யான் சொல்லி அனுப்புவது இதுவே: வீட்டைப் பார்ப்பதற்குமுன் குடத்தைப் பாருங்கள். நீர் எங்கிருந்து வருகிறது, யார் கொணர்கிறார், முன்னர் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். ஊரில் இருப்போரை எண்ணும்போது இல்லாதோரையும் எண்ணுங்கள். சந்தைக்குப் போனால், இவ்வூரார் எதை விற்று எதை வாங்குகின்றனர் என்று நோக்குங்கள். ராகி விளைக்கும் வீட்டார் கடையில் அரிசி வாங்குவதன் காரணம் அங்கே விளங்கும். ஒரு பருவத்தில் சென்ற ஊருக்கு மற்றொரு பருவத்திலும் செல்லுங்கள். உபதேசத்தைக் கடைசி நாளுக்கு வையுங்கள். அதற்குள் அது பெரும்பாலும் தேவையற்றதாகிவிடும்.

யான் சென்ற காலத்திலேயே மருந்துக்கான முயற்சி தொடங்கியிருந்தது. ஒகேனக்கல்லில் காவிரிநீரை எடுத்துத் தூய்மைசெய்து, தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் ஊர்களுக்குக் குழாய்வழி அனுப்பும் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு 2008 இல் அடிக்கல் நாட்டப்பெற்றது. அண்டை மாநிலத்தில் அதற்கு எதிர்ப்பு எழுந்ததும் அவ்வாண்டிலேயே. ஜப்பானிய நாட்டுக் கடனுதவியுடன், ஏறக்குறைய 1,928 கோடி ரூபாய்ச் செலவில் நிறைவேறி, 2013 இல் அது தொடங்கி வைக்கப்பெற்றது. குடிநீர் தருவதோடு புளோரைடு நோயைத் தணிப்பதும் அதன் பெயரிலேயே நோக்கமாகக் குறிக்கப்பட்டுள்ளது. பள்ளத்தில் ஓடிய ஆற்றைப் பொறிகள் மேட்டுக்கு ஏற்றின. அங்கிருந்து அது தன் எடையாலேயே ஊர்களுக்கு இறங்குகிறது. ஒகேனக்கல்லுக்குச் செல்லும் வண்டிக்காரர் அருவியைப் படமெடுக்கின்றனர். அவர் வழியில் உள்ள நீர்த்தொட்டிகளை யாரும் படமெடுத்து யான் கண்டதில்லை.

சென்ற ஆண்டு மாசியில் மீண்டும் அவ்வூருக்குப் போனேன். சாலையில் கொள்ளுச்செடி முன்போலவே கிடந்தது. மூதாட்டியார் மறைந்து பல ஆண்டுகள் ஆயிருந்தன. வேப்பமரத்தடியில் அன்று கண்ட முகங்களில் இரண்டே எஞ்சியிருந்தன. பேரன் இன்று பெங்களூரில் கொத்தனார். ஊர்த் திருவிழாவுக்காக வந்திருந்தான். என்னை நினைவிருக்கிறதா என்று கேட்டேன். “வேப்பங்குச்சி ஐயாதானே?” என்று சிரித்தான். சிரிக்கும்போதே அவன் வலக்கை வாய்க்குமுன் போயிற்று. பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக அக்கை அங்ஙனம் போய்க்கொண்டிருந்திருக்கவேண்டும். மன்னிக்கவேண்டும் என்று சொல்ல வாயெடுத்தேன். அவன் கேட்கவில்லை, வீட்டுக்குள் திரும்பி மகளைக் கூப்பிட்டான்.

ஏழு வயதுச் சிறுமி தெருக்குழாயில் பிடித்த சிறு குடத்துடன் பின்வாசல் வழியே வந்தாள். பாற்பல் விழுந்து, முன்பற்கள் இரண்டும் புதிதாக முளைத்திருந்தன. “ஐயாவுக்குப் பல்லைக் காட்டு” என்றான் தந்தை. அவளுக்கு அது வேடிக்கையாக இருந்தது. வாயை அகலத் திறந்து காட்டினாள்.

“பார்த்தீர்களா, ஐயா?” என்றான்.

பார்த்தேன். களி ஆறிக்கொண்டிருந்தது; உள்ளே அழைத்துப் போனான்.